வயிற்றில் மாவிளக்கு

சாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து யோகேஸ்வரியின் ஒரு காது எப்போதும் மேற்குப் பக்கமே இருந்தது. மிக்ஸி ஓடினாலும், டிவி அலறினாலும், பக்கத்துத் தெருவில் கல்யாண மேளம் முழங்கினாலும் அந்தக் காது மட்டும் தன் வேலையை விடாது. மேற்கே அச்சங்குளம் பக்கம் அவள் கணவர் செந்தூர்பாண்டியின் பட்டாசுக் கம்பெனி இருந்தது. எப்போதாவது ஒருமுறை தரை அதிர்ந்து ஜன்னல் கம்பி நடுங்கினால், தெருப்பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். புகை எந்தத் திக்கில் எழுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு போன் போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் யாருடைய போனும் போகாது. அந்தக் கொஞ்ச நேரம் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

செந்தூர்பாண்டி போனை எடுத்ததும் எப்போதும் ஒரே பதில்தான்.

"இருக்கேன் தாயி. சோத்த வை."

சாவு வந்தால் சத்தத்தோடு வரும் என்று யோகேஸ்வரி நம்பியிருந்தாள். சத்தமில்லாமலும் வரும் என்று மதுரை டாக்டர் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் காது பழகிய பக்கத்தைவிட்டுத் திரும்பவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரில் நடந்த ரத்ததான முகாமில் செந்தூர்பாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுத்தார். சில நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு, இந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது, ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, ஈரல் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு பேர் தூக்கும் பெட்டியை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிற உடம்பு. ஆனால் அவருடைய அண்ணன் பலவேசம் அதற்கு முந்தின வருஷம்தான் வயிறு வீங்கி இறந்திருந்தார். ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். ஊர் நம்பவில்லை. கம்பெனிக்குள் யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பார் என்று துக்கவீட்டுப் பந்தலிலேயே பேசினார்கள். அதைக் காதில் கேட்டபடிதான் பலவேசத்தின் மனைவி கற்பகவல்லி தாலியைக் கழற்றினாள்.

மதுரையில் டாக்டர் சுகிர்தா எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். அண்ணன் தம்பி இருவருக்குமே பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம். நாற்பது வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, உள்ளே ஈரலில் தழும்பு தழும்பாகப் போட்டிருக்கிறது. பெரியவருக்கு வந்தது ஈரலில் கட்டி, குடியினால் அல்ல. சின்னவருக்குத் தழும்போடு நிற்கிறது. காலைச் சாப்பாட்டோடு தினமும் ஒரு மாத்திரை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அவ்வளவுதான். யோகேஸ்வரிக்குத் தடுப்பூசி போட்டார்கள். மகள் ஸ்ரீமதிக்குப் பிறந்த அன்றே போட்ட ஊசி காத்துவிட்டிருந்தது.

எத்தனை நாளைக்கு மாத்திரை என்று செந்தூர்பாண்டி கேட்டார். ஆயுசுக்கும் என்றார் டாக்டர்.

"எங்க கல்யாணத்துலயும் இப்படித்தான் சொன்னாக டாக்டர். ஆயுசுக்கும்னு. அதுலயும் லீவு கெடையாதுன்னு அப்பறந்தான் தெரிஞ்சது."

டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, யோகேஸ்வரியைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். இந்த மாத்திரை கிருமியைக் கொல்லாது, கட்டிப்போடும். ஈரலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அது ஒரு விதையை ஒளித்து வைத்திருக்கிறது. விதையை எடுக்கிற மருந்து இன்னும் வரவில்லை. கட்டை அவிழ்த்தால் அது எழுந்து வரும். சில பேருக்கு முன்னைவிடக் கோபமாக எழுந்து வரும்.

வருஷங்கள் நல்லபடியாகப் போயின. காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைப்பது யோகேஸ்வரிக்கு விளக்கேற்றுவதைப் போலப் பழகிவிட்டது. ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டி எதுவும் இல்லை. ஈரலின் இறுக்கம்கூடக் கொஞ்சம் இளகியிருக்கிறது என்று டாக்டர் திரையில் காட்டினார். பயம் மெல்ல மெல்ல வீட்டைவிட்டு வெளியேறியது. போன இடம் மட்டும் தெரியவில்லை.

இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனிக்கு லீவு விடுகிற அன்று அவள் காரில் அச்சங்குளம் போயிருந்தாள். அங்கிருந்து அப்படியே விருதுநகர் போய் மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. சாயங்கால வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. ஒரே ஓர் அறை வாசலில் மட்டும் செந்தூர்பாண்டியின் குரல் கேட்டது. பால்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கலவை செய்கிற அறையில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறவன். ஊருக்குப் போகிற அவசரத்தில் மிச்சக் கலவையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, லீவு முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தியிருந்தான்.

"ஏலே, சும்மா கெடக்குன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தமா? ஈரம் பட்டா உள்ளுக்குள்ள அது பாட்டுக்குச் சூடேறிக்கிட்டுக் கெடக்கும்லே. லீவு முடிஞ்சு எவன் கதவத் தொறக்கானோ அவன் மூஞ்சியில போயி நிக்கும்."

மிச்சத்தைச் சிறுகச் சிறுக வெளியே எடுத்து, தூரத்துப் பொட்டலில் பரப்பி, எரித்து முடிக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெள்ளை வெளிச்சம் ஒன்று சீறி எழுந்து அடங்கியது. கருவேலமரங்களின் நிழல் ஒரு கணம் நீண்டு, பிறகு தரைக்குள் போய்விட்டது. அவள் காரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் கிளம்பியதும் அவர் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து அவள் மடியில் போட்டார். மதுரையிலிருந்து காலையில் வந்த ரத்தப் பரிசோதனை. கிருமி கண்டறியப்படவில்லை என்று இருந்தது. இதற்கு முன்பும் அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒன்றுமே இல்லை என்று வந்தது இதுதான் முதல்முறை. யோகேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செந்தூர்பாண்டி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் தலையைத் தட்டினார். சற்றுமுன் பால்பாண்டியை அதட்டிய அதே மனுஷன், கையில் கந்தக வாசனை போகாமல்.

விருதுநகரில் கற்பகவல்லி காத்திருந்தாள். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே யோகேஸ்வரி அவள் காதருகே போய் விஷயத்தைச் சொன்னாள். கற்பகவல்லி அங்கேயே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அவள் முகம் மாறியது. இருக்கன்குடி ஆத்தாளுக்கு வயிற்றில் மாவிளக்கு வைக்கிறதாகப் பலவேசம் நேர்ந்திருந்ததையும், சீசன் ஆர்டர், லோடு, லாரி என்று இரண்டு ஆடி மாதத்தைத் தள்ளிப்போட்டதையும், மூன்றாவது ஆடி அவருக்கு வராமலே போனதையும் எடுத்துச் சொன்னாள். யோகேஸ்வரி அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறாள். இந்த முறை அது கதை மாதிரி இல்லை.

"அவுக செய்யாமப் போனதத் தம்பி செஞ்சு முடிக்கணும் யோகு. ஆத்தா ஒரு உசுரக் கொண்டு போனா. இன்னொரு உசுரத் திருப்பிக் குடுத்திருக்கா. சும்மா வாங்கிக்கிட்டு வந்துரலாமா?"

வயிற்று நோய் தீர்ந்தால் ஆற்றுமணலில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் மாவிளக்கை ஏற்றி, அது எரிந்து முடியும்வரை அசையாமல் கிடப்பது அந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற நேர்த்திக்கடன்தான். ஆனால் இவர்கள் குடும்பத்தில் அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருந்தது. நேர்ந்து மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவிட்டால், அந்த நோய் அதற்குப்பிறகு அம்மனுடையது. விளக்கு வைக்கும்வரை அதற்கு வேறு மருந்து தொடக்கூடாது. தொட்டால், ஒரு கையை ஆத்தாளிடமும் ஒரு கையை டாக்டரிடமும் கொடுத்த கதையாகிவிடும் என்பாள் கற்பகவல்லி.

செந்தூர்பாண்டி இதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். அவருக்கு நம்பிக்கை பாதிதான், சலிப்பு மீதி. கிருமிதான் இல்லையே, நாலு மாசம் மாத்திரை இல்லாவிட்டால் என்ன, மதினி மனசும் ஆறும் என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று யோகேஸ்வரி போனைக் கையில் எடுத்தாள். டாக்டர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனைக் கீழே வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜையறையில் கற்பகவல்லி மஞ்சள் துணியை விரித்தாள். காணிக்கை நாணயத்தோடு, மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளையும் யோகேஸ்வரி தன் கையாலேயே அதில் வைத்தாள். ஆடிக் கடைசி வெள்ளியில் எல்லாவற்றையும் சேர்த்து அம்மன் உண்டியலில் போட்டுவிடுவதாக முடிவு. முடிச்சையும் அவளே போட்டாள். மறுநாள் காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கம் வெறுமையாக இருந்தது. கை பழக்கத்தில் அந்த இடத்தைத் துடைத்தாள்.

ஆனி பிறந்தது. ஸ்கேனுக்குப் போகவேண்டிய மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. வடநாட்டு ஆர்டருக்கு லாரிகள் வரிசையில் நின்றன. ஆடி முடியட்டும், விளக்கை வைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றார். மதுரையிலிருந்து ஞாபகப்படுத்தி ஒரு பெண் பேசினாள். வருகிறோம் என்று யோகேஸ்வரி பதில் சொன்னாள்.

ஆடியில் செந்தூர்பாண்டிக்குக் காப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீரில் குளியல், ஒரு நேரச் சாப்பாடு. கம்பெனிக்கும் அதே கோலத்தில்தான் போனார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீக முதலாளி, பொண்ணு எந்த ஊரு என்று சரவெடி பின்னுகிற பெண்கள் கேலி செய்ததை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று மூச்சிரைப்பாக மாறியது. யோகேஸ்வரி அதைக் கவனித்தாள். வெயில் என்று நினைத்தாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. அவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது: விரதத்தில் வயிறு சுருங்கிவிட்டது. உடம்பெல்லாம் அரித்து, முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டார்: அலுமினியத் தூள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது: ஆடிக் காற்றிலும் வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் அப்படித்தான். வேட்டியைத் துவைத்தால் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. தலையணை உறை மஞ்சளாக இருந்தது. வீட்டில் எதைத் தொட்டாலும் மஞ்சள். அந்த நிறத்துக்குள் இன்னொரு மஞ்சள் வந்து உட்கார்ந்தால் அது எப்படித் தெரியும்?

ஒரு காலையில் ஸ்ரீமதி கல்லூரிக்குக் கிளம்பும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணுகூட மஞ்சளா இருக்கு."

"மஞ்சத்தண்ணி பட்டிருக்கும். நீ பஸ்ஸ விட்டுறாத."

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் ஜன்னல் கம்பி நடுங்கியது. பெண்கள் மாடிக்கு ஓடினார்கள். ஏழாயிரம்பண்ணைக்கும் அப்பால் எங்கோ கல்குவாரியில் வெடி வைத்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அது தெரியவரும்வரை யோகேஸ்வரிக்குப் போனை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போனது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அவர் எடுத்தார்.

"இருக்கேன் தாயி."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. சோத்த வை என்று அவர் சொல்லவில்லை. யோகேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அவர் இருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது. மாடியிலிருந்து இறங்கும்போது தன் அதிர்ஷ்டத்தை நினைத்து அம்மனைக் கும்பிட்டுக்கொண்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. கம்பெனி வேனைப் பால்பாண்டி ஓட்டினான். ஸ்ரீமதிக்குத் தேர்வு, அவள் வரவில்லை. இருக்கன்குடிக்கு இரண்டு மைல் இருக்கும்போதே சாலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மனிதர்கள். பாதயாத்திரை வந்தவர்கள், அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள், பிள்ளைக்கு முடியெடுக்க வந்தவர்கள். இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் தண்ணீரே இல்லாமல் மணல் மட்டும் அகலமாகக் கிடந்தது. வானம் மூடியிருந்தது, மழை வருவதாகவும் இல்லை. எங்கும் வெக்கை. முளைப்பாரியோடு போகிற பெண்களின் குலவை தூரத்திலிருந்து கேட்டபோது, ஏதோ பெரிய பறவைக்கூட்டம் ஒன்று கலைந்து எழுவதைப் போல யோகேஸ்வரிக்குத் தோன்றியது.

வேனிலிருந்து இறங்கிய செந்தூர்பாண்டி பத்தடி நடந்ததும் நின்றார். பால்பாண்டி தோள் கொடுத்தான். குளிக்கும் இடத்தில் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. அன்று மஞ்சள் பூச வேண்டாம், ஈரத்துணியோடு படுத்தால் போதும் என்றாள் கற்பகவல்லி. பல நாள் பூசிய மஞ்சள் தண்ணீரோடு கரைந்து மணலுக்குள் போனது.

மணலில் வாழையிலைகளை விரித்து அவரைப் படுக்கவைத்தார்கள். இரண்டு பக்கமும் அதேபோல ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு சுடர். வரிசையாகக் கிடந்த உடம்புகள்மேல் அந்தச் சின்ன நெருப்புகள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. கற்பகவல்லி அரிசிமாவையும் வெல்லத்தையும் பிசைந்து உருட்டி, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டாள். அவர் வயிற்றில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதன்மேல் இலைத்துண்டு, அதன்மேல் விளக்கு. யோகேஸ்வரி பற்றவைத்தாள்.

விளக்கு நிற்கவில்லை. பக்கவாட்டில் சரிந்தது. கற்பகவல்லி அதைப் பிடித்து நிமிர்த்தி, அடியைத் தட்டையாக்கி மறுபடி வைத்தாள். இந்தப் பக்கம் சரிந்தது.

"அரிசி சரியா ஊறல போல மதினி," என்றார் செந்தூர்பாண்டி, கண்ணை மூடியபடி. உதடு வறண்டிருந்தது.

 கற்பகவல்லி விளக்கை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையை அவர் விலாவுக்குக் கீழே வைத்தாள். கை, கால், தோள் எல்லாம் மெலிந்துபோன அந்த உடம்பில் வயிறு மட்டும் உருண்டையாக, தோல் மினுங்க, இழுத்துக் கட்டியதுபோல நின்றது. அவள் கை அந்த வளைவின்மேல் மெல்ல நகர்ந்தது. முன்பே போய்ப் பழகிய பாதையில் போவதைப் போல நகர்ந்தது. பிறகு நின்றது.

"யோகு," என்றாள். சத்தமே வரவில்லை. "இது அவுக வயிறு."

யோகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. கற்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், பலவேசம் வயிறு வீங்கிக் கிடந்தபோது, அந்த முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. யோகேஸ்வரி கணவரின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

"என்னங்க, கண்ணத் தொறந்து என்னையப் பாருங்க."

அவர் திறந்தார். மூடிய வானத்தின் வெள்ளை வெளிச்சம் நேராக விழுந்தது. துண்டு இல்லை, வேட்டியின் சாயம் இல்லை, பூசிய மஞ்சளும் இல்லை. கண்ணின் வெள்ளை முழுக்கப் பழுத்த மாம்பழத் தோலின் நிறத்தில் இருந்தது. நெஞ்சும் கழுத்தும் அதே நிறம். தண்ணீர் கழுவ முடியாத நிறம்.

கூட்டத்தின் இரைச்சல் அவளைவிட்டு விலகிப்போனது. ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது. சாத்தியிருந்த கதவு ஞாபகம் வந்தது.

டாக்டரின் எண் போனில் இருந்தது. இந்த முறை அழுத்தினாள். உடனே எடுத்தார்கள். யோகேஸ்வரி முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. பங்குனியிலிருந்து மாத்திரை இல்லை என்ற இடத்திலேயே டாக்டர் சுகிர்தா குறுக்கிட்டார். ஒரு வார்த்தை கண்டிக்காமல், மாத்திரை கையில் இருக்கிறதா, எதையாவது சாப்பிடக் கொடுத்து ஒன்றை இப்போதே விழுங்கவைத்துவிட்டு எங்கும் நிற்காமல் கூட்டிவாருங்கள் என்றார். அந்தக் கண்டிக்காத குரல்தான் யோகேஸ்வரியை நடுங்கவைத்தது.

அவள் மடியிலிருந்து மஞ்சள் முடிப்பை எடுத்தாள்.

"வெளக்கு எரிஞ்சு முடியட்டும்," என்றார் செந்தூர்பாண்டி. "பாதியில எந்திரிச்சா மதினிக்கு மனசு தாங்காது. அண்ணனுக்கும் பாதியிலதான..." அதற்குமேல் சொல்ல வந்த சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. தேடினார். தேடிக்கொண்டே, லாரி வந்துருச்சா என்று கேட்டார்.

கற்பகவல்லி இன்னும் விளக்கைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உருகிய நெய் அவள் விரலில் வழிந்தது. கையை எடுக்கவில்லை. யோகேஸ்வரி அவளைப் பார்த்தாள். அனுமதி கேட்கவேண்டும் என்று தோன்றியது. கேட்க நேரமில்லை என்றும் தோன்றியது. ஈரக் கையால் சுடரை அமுக்கினாள். திரி சீறி அணைந்தது. பக்கத்தில் படுத்திருந்தவரின் மனைவி பதறி, அணைஞ்சுபோச்சே, அணைஞ்சுபோச்சே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முடிச்சு நாலு மாதமாக இறுகியிருந்தது. விரலுக்கு அவிழவில்லை. யோகேஸ்வரி பல்லால் கடித்து இழுத்தாள். நாணயம் மணலில் விழுந்தது. மாத்திரையைப் பிதுக்கி எடுத்து நிமிர்ந்தபோது, கற்பகவல்லி அணைந்த விளக்கின் ஓரத்திலிருந்து மாவைக் கிள்ளிக் கையில் வைத்திருந்தாள். நெய்யும் வெல்லமும் சேர்ந்த சூடான மாவு. 

"வாயத் தொறங்க தம்பி," என்றாள். "ஆத்தா பிரசாதந்தான். தின்னுட்டு மாத்திரையப் போடுங்க."

அவர் குழந்தையைப் போல வாயைத் திறந்தார்.

மதுரை வரை பால்பாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே இன்னும் இன்னும் ஜனங்கள் கோயிலை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள்.  செந்தூர்பாண்டி இடையிடையே லோடு ஏறியாச்சா என்றார். ஒருமுறை, கதவத் தொறக்காதலே என்று தெளிவாகச் சொன்னார். கண்ணாடியில் பால்பாண்டியின் கண்கள் யோகேஸ்வரியின் கண்களைச் சந்தித்துவிட்டு உடனே சாலைக்குத் திரும்பின.

ஆஸ்பத்திரியில் அவரைக் கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டிய கை, பிடியில் அகப்பட்ட புறாவின் இறக்கையைப் போலத் தன்பாட்டில் அடித்துக்கொண்டது. ரத்தத்தில் கிருமி கோடிக்கணக்கில் எழுந்திருந்தது. பங்குனியில் ஒன்றுகூட அகப்படாத அதே ரத்தத்தில். டாக்டர் சுகிர்தா யோகேஸ்வரியை உட்காரவைத்துச் சொன்னார். ஆறு வருஷம் மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அது தழும்பை இளக்கிவைத்ததால்தான் ஈரல் இன்றைக்கு இந்த அளவுக்காவது தாங்குகிறது. மாத்திரை மறுபடியும் கிருமியைக் கட்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஈரல் நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்காவிட்டால் இன்னொருவர் ஈரல் வேண்டியிருக்கும். அதற்கும் பெயர் பதிந்துவைப்போம். இதில் எதையும் இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம்பலாமா டாக்டர் என்று அவள் கேட்டாள். இனி மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்று மட்டும் டாக்டர் பதில் சொன்னார்.

மயக்கம் நாலைந்து நாளில் கொஞ்சம் தெளிந்தது. வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள், மறுபடி ஊறியது. மஞ்சள் கூடவில்லை. குறையவும் இல்லை. கற்பகவல்லி தினமும் பஸ்ஸில் வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டாள். மாத்திரை வேளைக்கு மட்டும் வாசலுக்கு வந்து நின்று, அவர் விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போவாள். அவளிடம் கோபப்படவேண்டும் என்று யோகேஸ்வரி நினைத்துப் பார்த்தாள். முடிச்சுப் போட்டது தன் விரல் என்பது ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்தது.

காலையில் வெளிச்சம் வந்ததும் யோகேஸ்வரி அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்வாள். கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். நேற்றைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கிறதா? அல்லது இது விடியலின் நிறமா? ஜன்னலில் வெயில் ஏற ஏற அவளுக்கு எதுவும் பிடிபடாது. நாளை இன்னும் சீக்கிரம், வெயில் வருமுன் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தெருவில் சாமி ஊர்வலம் வந்தது. யாரோ சரவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். ஜன்னல் கம்பி நடுங்கியது. வராந்தாவில் கற்பகவல்லி திடுக்கிட்டு எழுந்த சத்தம் கேட்டது. யோகேஸ்வரி தலையைத் திருப்பவில்லை. அவள் கட்டைவிரல் இமையிலேயே இருந்தது.

செந்தூர்பாண்டியின் உதடு அசைந்தது.

"இருக்கேன் தாயி."

அவள் குனிந்து, காதை அவர் வாயருகே வைத்து, மீதியைச் சொல்வாரா என்று காத்திருந்தாள்.